சீசன் முடிந்து பரிசு வந்தும் பையன்கள் ஏன் கொதிக்கிறார்கள்?

திருவாரூர் பக்கத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: "என் மகன் பி.இ. இரண்டாம் வருஷம் படிக்கிறான். இரண்டாம் உலகப் போரை வைத்துச் செய்த சுடும் விளையாட்டு ஒன்றை ரொம்ப நாளாக ஆன்லைனில் விளையாடுகிறான். போன வாரம் சீசன் முடிந்து ஏதோ பரிசு வந்ததாம். சந்தோஷப்படுவான் என்று பார்த்தால் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தான். அவன் கூட்டாளிகளும் போனில் அதையே திட்டித் தீர்க்கிறார்கள். சும்மா கொடுக்கிற பொருளுக்கு ஏன் இத்தனை கோபம்? அடுத்த சீசனுக்குக் காசு வேறு கேட்கிறான். கொடுக்கலாமா?"

அக்கா, நான் மன்னார்குடியில் எட்டு கம்ப்யூட்டர் போட்டு ஒரு கேமிங் சென்டர் நடத்துகிறேன். நானும் இந்த வகை விளையாட்டுகளைப் பல வருஷமாக விளையாடுகிறவன். உங்கள் மகன் மாதிரி பையன்களைத் தினமும் பார்க்கிறேன். அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அது என்ன நியாயம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், காசு விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

சீசன் என்றால் விளையாட்டுக்காரர்கள் வகுத்த ஒரு போகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இரண்டு மாதம், மூன்று மாதம். அதற்குள் தினமும் சில வேலை, வாரம் சில வேலை கொடுப்பார்கள். ரைஃபிளால் இருபது பேரை வீழ்த்து, அடிபட்டுக் கிடக்கும் ஐந்து பேருக்கு மருந்து போட்டு எழுப்பு, மூன்று முறை கொடியைப் பிடி, இப்படி. வேலை முடிக்க முடிக்க ஒரு ஏணியில் படி ஏறும். ஒவ்வொரு படியிலும் ஒரு பொருள் இருக்கும். ஏணியில் இரண்டு வரிசை: ஒன்று எல்லோருக்கும் இலவசம், இன்னொன்று காசு கட்டியவர்களுக்கு. இதற்குப் பெயர் பேட்டில் பாஸ். 2013-இல் டோட்டா 2 விளையாட்டின் பெரிய போட்டியை ஒட்டி விற்ற டிஜிட்டல் புத்தகத்தில் இதன் விதை இருந்தது. 2017 டிசம்பரில் ஃபோர்ட்நைட் தன் இரண்டாம் சீசனில் இதைக் கொண்டுவந்த பிறகு எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். உலகப் போர் விளையாட்டுகளும் விதிவிலக்கில்லை.

"சும்மா கொடுக்கிற பொருள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் அக்கா விஷயமே இருக்கிறது. கொடுக்கிறவர்கள் அதைப் பரிசு என்கிறார்கள். வாங்குகிற பையன் மனசில் அது கூலி. மூன்று மாதம் தினம் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் நூற்று முப்பத்தைந்து மணி நேரம் ஆகிறது. அவ்வளவு நேரம் போட்டு வாங்குவதை யாரும் இனாமாக நினைக்க மாட்டார்கள். இனாமாக வந்த பொருள் மட்டமாக இருந்தால் சிரித்துக்கொண்டு ஓரமாக வைத்துவிடலாம். கூலியில் குறைந்தால் மனுஷனுக்குக் கோபம் வரத்தான் செய்யும். பேச்சைக் கவனித்துக் கேளுங்கள். "எவ்வளவு நாள் உழைச்சேன்", "என் நேரத்துக்கு மதிப்பே இல்லையா" என்றுதான் பேசுவான். விளையாடினேன் என்ற சொல்லே வராது.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு சீசன் முடிகிறது. நாலே முக்காலுக்கு ஒரு பையன் மூச்சிரைக்க ஓடிவந்தான், பாலிடெக்னிக் படிக்கிறவன். கடைசிப் படிக்கு இன்னும் ஒரே ஒரு வேலை பாக்கி: விழுந்து கிடக்கும் பன்னிரண்டு பேரை மருத்துவராகப் போய் எழுப்ப வேண்டும். கூட இருந்த மூன்று பையன்களிடம் கெஞ்சினான். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எதிரியின் மெஷின் கன் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதன் முன்னால் வேண்டுமென்றே ஓடி விழுந்தார்கள். இவன் புகைக்குண்டு போட்டுவிட்டுத் தவழ்ந்து போய் ஊசி குத்தி எழுப்பினான். எழுந்ததும் மறுபடி ஓடி விழுந்தார்கள். ஐந்து இருபதுக்குப் பன்னிரண்டு முடிந்தது. சென்டரே கைதட்டியது. பரிசுப் பெட்டி திறந்தது. உள்ளே ஹெல்மெட்டுக்கு மாட்டும் இலைதழை வலை. ஏற்கெனவே அவனிடம் இருந்த வலைதான், நிறம் மட்டும் கொஞ்சம் வேறு. ஒரு நிமிஷம் திரையையே பார்த்தான். "இதுக்கா அண்ணே?" என்றான். அப்புறம் சிஸ்டத்தை அணைத்துவிட்டுக் கிளம்பிவிட்டான்.

அந்த முக்கால் மணி நேரம் அவர்கள் நாலு பேரும் அனுபவித்த சந்தோஷம் உண்மையானது. அதைக் கெடுத்தது கடைசியில் வந்த பொருள். உங்கள் மகன் இரண்டு நாள் பேசாமல் இருந்ததற்கும் இப்படி ஏதோ ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

இப்போது வரலாற்று விளையாட்டுக்கே உரிய ஒரு சங்கதி. கற்பனை உலக விளையாட்டில் பரிசாக முயல் வேஷம் கொடுத்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். 1944-இல் பிரான்ஸின் நார்மண்டி கடற்கரைப் போர்க்களத்தில் நடக்கிற ஆட்டத்தில் கொடுத்தால் கேட்பார்கள். இதை விளையாடுகிறவர்களில் பாதிப் பேர் துப்பாக்கியின் வருஷம், அது எந்தப் படைக்கு எப்போது போனது, எத்தனை குண்டு பிடிக்கும் என்பதெல்லாம் படித்துவிட்டு வருகிறவர்கள். அவர்களுக்குப் பரிசு என்பது வரலாற்றின் ஒரு துண்டு.

நல்ல உதாரணத்தையே முதலில் சொல்கிறேன். பேட்டில்ஃபீல்ட் 5 என்ற இரண்டாம் உலகப் போர் விளையாட்டு வந்தபோது அதில் அமெரிக்கப் படையும் இல்லை, ஜப்பானியப் படையும் இல்லை. இரண்டாம் உலகப் போர் என்று சொல்லிவிட்டு இதென்ன என்று ஏறக்குறைய ஒரு வருஷம் முணுமுணுப்பு ஓடியது. 2019 அக்டோபர் 31-ஆம் தேதி பசிபிக் அத்தியாயம் வந்தது (சீசனுக்கு அந்த விளையாட்டில் அத்தியாயம் என்று பெயர்), ஜப்பானின் ஈவோ ஜீமா தீவு களமாக வந்தது, அதோடு எம்1 கேரண்ட் துப்பாக்கியும் வந்தது. அமெரிக்கப் படை 1936-இல் ஏற்றுக்கொண்ட ரைஃபிள் அது. எட்டுக் குண்டை ஒரு இரும்புக் கிளிப்பில் கோத்து மேலிருந்து அழுத்திச் செருக வேண்டும். எட்டாவது குண்டு போனதும் காலிக் கிளிப் 'டிங்' என்று வெளியே தெறிக்கும். அந்த ஒரு சத்தத்துக்காகவே என் சென்டரில் ஹெட்போனைப் பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டார்கள். தங்க முலாமும் இல்லை, மின்னும் வண்ணமும் இல்லை, சாதாரண மரக்கட்டைத் துப்பாக்கி. அதற்கு வந்த வரவேற்பு மாதிரி வேறு எதற்கும் வந்து நான் பார்த்ததில்லை. சரியான பொருளை, சரியான களத்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

மறுபக்கமும் உண்டு. 2017 நவம்பரில் வந்த கால் ஆஃப் டூட்டியின் இரண்டாம் உலகப் போர் பாகத்தில், ஆட்டக்காரர்கள் கூடும் இடமாக நார்மண்டி கடற்கரையையே வைத்திருந்தார்கள். பரிசுப் பெட்டி அங்கே வானத்திலிருந்து மணலில் வந்து விழும். சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் பார்க்கும்படி திறக்கும். மற்றவர்கள் பெட்டி திறப்பதை மூன்று முறை பார்த்தால் அதற்கும் ஒரு பரிசு. 1944 ஜூன் 6-ஆம் தேதி நேச நாட்டுப் படைகள் இறங்கியபோது ஆயிரக்கணக்கான பேர் அடிபட்டு விழுந்த கரை அது. அங்கே லாட்டரிப் பெட்டி உடைப்பதா என்று பலருக்கு வயிறு எரிந்தது. அதோடு பின்னால் வந்த புதுத் துப்பாக்கிகளையும் அந்தப் பெட்டிக்குள் போட்டார்கள். யாருக்கு எது விழும் என்பது அதிர்ஷ்டம். இப்படிக் குலுக்கல் முறையில் பெட்டி விற்பதைப் பற்றி உலகம் முழுக்கச் சண்டை நடந்த காலம் அது. 2018 ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் வேறு சில பெரிய விளையாட்டுகளின் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. இன்று ஏணி முறை பரவியிருப்பதற்கு அந்தச் சண்டையும் ஒரு காரணம். ஏணியில் குறைந்தபட்சம் எந்தப் படியில் என்ன என்று முன்கூட்டியே தெரியும்.

2021-இல் வந்த கால் ஆஃப் டூட்டி வேன்கார்டும் இரண்டாம் உலகப் போர்தான். அதில் அடுத்தடுத்த சீசன்களில் ஒரு ஜப்பானிய அனிமே நாயகனின் உடை வந்தது, ராப் பாடகர் ஸ்னூப் டாக் வந்தார், காட்ஸில்லாவும் கிங் காங்கும் வந்தார்கள். வாங்கியவர்களும் நிறைய உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் போரின் களத்துக்காக உள்ளே வந்தவர்கள் மனம் விட்டுப்போனார்கள். நான் அந்த இரண்டாவது கட்சி.

ஏன் என்றால், அந்தப் போர் நமக்கு வேற்றுமனிதர் கதை இல்லை அக்கா. ரோனா என்று ஒரு கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிக்கொண்டிருந்தது. நம் டெல்டா சனம் மூட்டை முடிச்சோடு மலாயாவுக்குப் போன தடம் அது. போர் வந்ததும் அந்தக் கப்பலைப் படையாட்களை ஏற்றப் பிடித்துக்கொண்டார்கள். 1943 நவம்பர் 26-ஆம் தேதி அல்ஜீரியக் கரைக்கு அப்பால் ஜெர்மானியர்கள் ரேடியோவால் செலுத்திய குண்டு பட்டு மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் அதில் செத்தார்கள். நாகப்பட்டினத்துத் துறையில் நின்ற கப்பல்! அந்தப் போரில் ஜப்பானியர்கள் போட்ட சயாம் - பர்மா ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பாத தமிழர்களின் குடும்பங்கள் இன்னும் இந்தப் பக்கம் இருக்கின்றன. லீ-என்ஃபீல்ட் ரைஃபிள் ஆட்டத்தில் பரிசாக வந்தபோது, "இது நம்ம போலீஸ் ஸ்டேஷன் த்ரீ நாட் த்ரீ அண்ணே" என்று ஒரு பையன் கத்தினான். அந்தத் துப்பாக்கியின் பழைய வகையை இஷாப்பூரில் இந்தியாவிலேயே செய்தார்கள் என்று சொன்னேன். அன்றைக்கு ஆட்டம் பாதியில் நின்று, ஒரு மணி நேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். ஒரு பரிசு இவ்வளவு செய்ய முடியும்.

பெயர் வைப்பதில்கூடக் கவனம் வேண்டும். பேட்டில்ஃபீல்ட் 5-இல் ஒரு ஜெர்மன் சிப்பாய் பாத்திரத்துக்கு வில்ஹெல்ம் ஃப்ராங்கே என்று பெயர் வைத்தார்கள். உண்மையில் அந்தப் பெயரில் ஹிட்லர் ஆட்சியை எதிர்த்து நின்ற ஒருவர் இருந்திருக்கிறார். விவரம் தெரிந்தவர்கள் எடுத்துச் சொன்னதும் நிறுவனம் பெயரை மாற்ற ஒப்புக்கொண்டது. இதைக் குறை கண்டுபிடிக்கிற புத்தி என்று சொல்லிவிட முடியாது. செத்தவர்களுக்குக் காட்டுகிற மரியாதை அது.

துல்லியம் பேசுகிற பையன்களிடமும் ஒரு முரண் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். முதல் உலகப் போரை வைத்துச் செய்த பேட்டில்ஃபீல்ட் 1-இல் ஹெல்ரீகல் என்றொரு துப்பாக்கி. 1915-இல் ஆஸ்திரியா - ஹங்கேரியில் சோதனைக்குச் செய்த மாதிரி, அதன் சில புகைப்படங்கள்தான் மிச்சம். ஆட்டத்தில் பார்த்தால் ஆளுக்கு ஒன்று தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், ஏனென்றால் அது நன்றாகச் சுடும். கையில் வெற்றி தருகிற பொருள் என்றால் வரலாறு கொஞ்சம் தள்ளி உட்காரும். எதிரி கையில் அதே பொருள் இருந்தால் உடனே வரலாறு நினைவுக்கு வரும். ஆகவே கோபத்தில் எவ்வளவு வரலாற்றுக்கு, எவ்வளவு தோற்றதற்கு என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

அதனால்தான் பரிசு உடையா, துப்பாக்கியா என்பது பெரிய கேள்வி. உடை, பதக்கம், பட்டப்பெயர் எல்லாம் கண்ணுக்கு மட்டும். பிடிக்கவில்லை என்றால் போட்டுக்கொள்ளாமல் விட்டுவிடலாம். துப்பாக்கி அப்படி இல்லை. காசு கட்டிய வரிசையில் மட்டும் நல்ல துப்பாக்கி இருந்தால், கட்டாதவன் ஒவ்வொரு ஆட்டத்திலும் அதன் முன்னால் விழுந்து சாக வேண்டும். ஆட்டக்காரர்கள் எதையும் மன்னிப்பார்கள், இதை மட்டும் மன்னிக்க மாட்டார்கள். வாங்கின பிறகு துப்பாக்கியின் வலுவைக் குறைப்பது இன்னொரு வயிற்றெரிச்சல். 2019 டிசம்பரில் பேட்டில்ஃபீல்ட் 5-இல் வந்த ஒரு அப்டேட் துப்பாக்கிகள் பலவற்றின் அடியைக் குறைத்தது. பசிபிக் அத்தியாயம் கொண்டுவந்த நல்ல பெயர் ஒரே மாதத்தில் கரைந்தது. இப்போதுதான் உழைத்து வாங்கினேன், அதற்குள் மதிப்பைக் குறைத்துவிட்டாயே என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

அடுத்தது காலக்கெடு. நம்மூர்க்காரர்கள் இதில் படுகிற பாடு வேறு மாதிரி. சீசன் கணக்குப் போடுகிறவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழை தெரியாது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையைக் கடந்தது. நாலு நாள் கழித்து, 20-ஆம் தேதி, பேட்டில்ஃபீல்ட் 5 வெளியானது. டிசம்பர் தொடக்கத்தில் அதன் முதல் அத்தியாயம் ஆரம்பித்தது. வாரா வாரம் ஒரு பரிசு. இங்கே தென்னை சாய்ந்து, போஸ்ட் மரம் எல்லாம் முறிந்து, எங்கள் ஊரில் ராத்திரி வெளிச்சம் என்றால் மண்ணெண்ணெய் விளக்குதான். ஜெனரேட்டர் கிடைத்தால் தண்ணீர் ஏற்றுவதற்கே வரிசை. பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன் காசு சேர்த்து முன்பதிவு செய்து வைத்திருந்தான். அவன் வீட்டுக் கூரையே போயிருந்தது. கரண்ட் வந்து, அவன் ஆட்டத்தைத் திறக்கும்போது முதல் சில வாரத்துப் பொருள்கள் கைவிட்டுப் போயிருந்தன.

ஆனால் அந்த விளையாட்டில் ஒரு நல்ல வழி வைத்திருந்தார்கள். தவறவிட்ட வாரத் துப்பாக்கியைப் பிற்பாடு ஆட்டத்திலேயே சம்பாதித்த நாணயத்தைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அவன் அப்படித்தான் வாங்கினான். காசு கட்டும் பாஸும் அதில் கிடையாது. அந்த ஒரு ஏற்பாட்டுக்காக நான் அவர்களை இன்றும் மெச்சுவேன். ஹெலோ இன்ஃபினிட் 2021-இல் வாங்கின பாஸ் காலாவதியே ஆகாது என்று வைத்தது. ஹெல்டைவர்ஸ் 2-உம் 2024-இல் அதே வழியில் வந்தது. இரண்டும் வரலாற்று விளையாட்டு இல்லை, ஆனாலும் கெடு வைக்காமலே ஆட்களைத் தக்கவைக்க முடியும் என்பதற்கு இவை கண்கூடு.

பழைய சீசன் பொருளை மறுபடி கொண்டுவந்தால் அன்றைக்கு உழைத்து வாங்கினவர்கள் சண்டைக்கு வருவார்கள். "அப்போ நான் ராத்திரி முழுக்க முழிச்சது எதுக்கு?" என்பார்கள். அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் பொருளைத் திரும்பக் கொண்டுவருவதே சரி என்பேன். முதலில் வாங்கினவனுக்கு வருஷம் பொறித்த ஒரு சின்னப் பதக்கம் கொடுத்தால் போதும். புயலிலும் பரீட்சையிலும் மாட்டிக்கொண்டவனுக்குக் கதவை அடைப்பது நியாயமில்லை.

திட்டினால் எதுவும் நடக்குமா என்றால், நடக்கும். 2023 மே மாதம் வார் தண்டர் என்ற போர் விளையாட்டின் ஆட்டக்காரர்கள், எவ்வளவு விளையாடினாலும் வரும்படி போதவில்லை என்று, விளையாட்டுகள் விற்கும் ஸ்டீம் தளத்தில் கூட்டம் கூட்டமாக எதிர்மறை மதிப்புரை போட்டார்கள். நிறுவனம் இறங்கிவந்து, என்னென்ன மாற்றுவோம், எப்போது மாற்றுவோம் என்று பட்டியல் போட்டு வெளியிட்டது. ஆகவே உங்கள் மகனும் கூட்டாளிகளும் போனில் திட்டுவதை எழுத்தில், காரணத்தோடு, கெட்ட வார்த்தை இல்லாமல் போட்டால் படிக்க ஆள் இருக்கிறது.

சரி, காசு விஷயம். சீசன் ஆரம்பத்திலேயே கொடுக்காதீர்கள். அவனை முதலில் இலவச வரிசையில் ஏறச் சொல்லுங்கள். பெரும்பாலான விளையாட்டுகளில் கடைசி வாரத்தில் பாஸ் வாங்கினாலும், அதுவரை ஏறிய படிகளுக்கான காசு வரிசைப் பொருள்கள் மொத்தமாக வந்துவிடும். அவன் விளையாட்டில் அப்படி உண்டா என்று அவனையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு நிமிஷ வேலை. அப்போது எத்தனை படி ஏறினான், எதெல்லாம் கிடைக்கும் என்று கண்ணால் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். குலுக்கல் பெட்டிக்கு மட்டும் ஒரு ரூபாய்கூட வேண்டாம். உங்கள் ஏடிஎம் கார்டு விவரத்தையும் அவன் அக்கவுண்டில் சேமித்து வைக்க விடாதீர்கள். கிஃப்ட் கார்டாக வாங்கிக் கொடுத்தால் தொகை அதோடு நின்றுவிடும்.

இன்னொன்று. செமஸ்டர் பரீட்சை நவம்பர், டிசம்பரில் வரும், அதே சமயம்தான் மழையும் கரண்ட் கட்டும். அந்தச் சீசனுக்குப் பாஸ் வேண்டாம் என்று அவனிடம் இப்போதே பேசிவிடுங்கள். கோடை விடுமுறையில் வருகிற சீசனுக்கு வாங்கிக் கொடுங்கள். நேரம் இருக்கிறபோது வாங்கினால் அவனே நிதானமாக விளையாடுவான்.

அப்புறம், இந்த முறை என்ன பரிசு வந்தது, அதில் என்ன குறை என்று இன்றைக்குச் சாப்பிடும்போது ஒரு தரம் கேட்டுப் பாருங்கள் அக்கா. துப்பாக்கி என்றால் எந்த வருஷத்துத் துப்பாக்கி என்றும் கேளுங்கள். குறைந்தது அரை மணி நேரம் பேசுவான்.